அவசரமில்லாத அலை

அறுகம்பே என்றதும் அலைச்சறுக்குக்காரர்களின் பேச்சு மெயின் பாயின்ட்டில்தான் போய் நிற்கும். இலங்கையின் கிழக்குக் கரையில், உல்லைக் குடாவின் தென்முனையில், பாறைப் படுகையின்மேல் உடைகிற வேகமான அலை அது. 2019 செப்டம்பரில் உலக சர்ஃப் லீக்கின் தகுதித் தொடர்ப் போட்டி ஒன்று அங்கே நடந்தது. பலகையோடு வந்து இறங்குகிறவர்கள் முதலில் ஓடுவதும் அங்கேதான். ஆனால் அந்தக் கரையின் அருமையை முழுதாகக் காட்டுகிற அலை எது என்று கேட்டால், கைகாட்ட வேண்டிய திசை வடக்கு. பொத்துவில் பக்கமாக ஆட்டோவில் கொஞ்ச தூரம் போய்க் கடற்கரையில் இறங்கினால் விஸ்கி பாயின்ட் வருகிறது.

முனையில் சில பாறைகள். அவற்றை ஒட்டி எழும்புகிற அலை, பிறகு மணல்மேலேயே உடைந்துகொண்டு, கரைக்குச் சாய்வாக நீண்ட தூரம் வருகிறது. பெரும்பாலான நாட்களில் உயரம் இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. முகடு ஒரேயடியாகக் கவிழ்வதில்லை. ஒரு முனையில் நுரை தொடங்கி, ஓரமாக அவிழ்ந்துகொண்டே போகிறது. நுரைக்கு முன்னால் எப்போதும் சில அடி தூரத்துக்கு வழுவழுப்பான பச்சை நீர்ச்சரிவு காத்திருக்கிறது. அந்தச் சரிவில் நிற்பதுதான் சர்ஃபிங்.

இதை ‘தொடக்கக்காரர்களின் அலை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். பாராட்டுப்போல் ஒலித்தாலும் அதற்குள் ஒரு தாழ்வான மதிப்பீடு இருக்கிறது. கெட்டிக்காரர்கள் வேறிடம் பார்ப்பார்கள் என்று அது சொல்லாமல் சொல்கிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதை அவ்வளவு எளிதில் ஒப்பமாட்டார்கள். துரித காலத்தில் ஓடிப்போகிற சங்கதியில் மறைந்துவிடும் சுருதிப் பிசகு, விளம்ப காலத்தில் அப்பட்டமாகத் தெரியும். வேகமான அலை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மெதுவான அலையிலோ பலகைமேல் நிற்பவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் கரையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடப் புலப்படும். கற்றுக்கொள்பவருக்கு நேரம் கொடுக்கிற அதே நிதானம், கைதேர்ந்தவரின் கலையையும் விரித்து வைக்கிறது. இந்த அலையை நின்று பார்த்து ரசிக்கவேண்டியதற்கு அது ஒன்றே போதும்.

அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். இந்த அலைகள் பிறப்பது இலங்கைக்கு அருகில் எங்கும் இல்லை. தென்னரைக்கோளத்தில் 40 பாகை அட்சத்துக்குத் தெற்கே, கர்ஜிக்கும் நாற்பதுகள் என்று மாலுமிகள் அஞ்சிய கடற்பரப்பில், அங்கே குளிர்காலம் நெருங்க நெருங்கப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. அங்கே காற்று கிளப்பிவிடுகிற குழப்பமான நீர்மேடுகள் வடக்கே பயணம் செய்யும்போது தாமாகவே வரிசைப்படுகின்றன. நீளமானவை முன்னே ஓடுகின்றன. குட்டையானவை பின்தங்கி வழியிலேயே அடங்கிவிடுகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 14 விநாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நாற்பதாம் பாகையிலிருந்து பொத்துவில் வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிக்கிழமை காலை விஸ்கி பாயின்ட்டில் ஒரு பள்ளிச் சிறுமியைத் தூக்கி நிறுத்துகிற அலை, அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலையே புயலைவிட்டுக் கிளம்பியிருக்கும்.

கேரளத்திலும் தென் தமிழகத்திலும் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறி வந்து மீனவர் வீட்டு வாசலை நனைக்கிற கள்ளக்கடலும் இதே குடும்பம்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் மையம் ஏப்ரல், மே மாதங்களில் அதற்கு முன்னெச்சரிக்கை விடுவதைத் தமிழ்நாட்டுச் செய்திகளில் கேட்டிருக்கலாம். ஒரே தென்கடல் ஓரிடத்தில் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவருகிறது, இன்னோரிடத்தில் விளையாட்டைக் கொண்டுவருகிறது. வித்தியாசம் அலை வந்து சேர்கிற கரையின் வடிவத்தில் இருக்கிறது.

14 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 300 மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி அளவுக்கு ஆழம் குறைந்ததுமே, அதாவது 150 மீட்டர் ஆழத்திலேயே, அது அடித்தரையை உணரத் தொடங்கிவிடும். இலங்கையைச் சுற்றிய கண்டத்திட்டு ஒடுக்கமானது. ஆகவே அலை தன் வலுவை வழியில் அதிகம் இழக்காமல் கரைக்கு மிக அருகே வந்துதான் வேகம் குறைகிறது. குறைவதும் ஒரே சீராக அல்ல. முனைக்கு அருகே ஆழம் குறைந்த பக்கம் முதலில் தயங்குகிறது. வெளிப்பக்கம் பழைய வேகத்திலேயே வருகிறது. கைகோத்து ஓடிவரும் பிள்ளைகளின் வரிசையில் ஓரத்துப் பிள்ளை சேற்றில் கால்வைத்தால் வரிசை முழுவதும் அந்தப் பக்கமாக வளைந்து திரும்புவதுபோல, அலையும் முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நுழைகிறது. வளையும்போது அதன் முகட்டுக்கோடு இழுபட்டு, உயரமும் சீற்றமும் குறைகின்றன. திறந்த கடலில் முரட்டுத்தனமாக இருந்த ஒன்று முனையைத் தாண்டியதும் சாதுவாகிவிடுவது இப்படித்தான்.

கோமாரி தொடங்கித் தெற்கே உகந்தை வரை இந்தக் கரையில் பேர்பெற்ற முனைகள் எல்லாவற்றிலும் அலை வலப்பக்கமாகவே உடைகிறது என்பதைக் கவனித்தவர்கள் உண்டு. கணக்கு எளிது. அலை தெற்கிலிருந்து வருகிறது. கரை மேற்கே இருக்கிறது. முனையில் தொடங்கும் நுரை வடக்கு நோக்கி ஓடுகிறது. கரையைப் பார்த்து வருகிறவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம். இதில் புதியவருக்கு எதிர்பாராத ஒரு சலுகை கிடைக்கிறது. பெரும்பாலானோர் இடக்காலை முன்வைத்து நிற்கிறவர்கள். அப்படி நிற்பவர் வலப்பக்கம் போகும்போது முகம் அலையைப் பார்த்திருக்கும். எந்த இடம் உடையப்போகிறது, எங்கே சரிவு இன்னும் நின்றிருக்கிறது என்பதைக் கழுத்தைத் திருப்பாமலே பார்த்துக்கொள்ளலாம். வலக்காலை முன்வைப்பவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை தேவை.

அடுத்தது மணல். விஸ்கி பாயின்ட்டின் உயிர் அதில்தான்.

அலை, தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. ஒரு மீட்டர் அலை உடைய ஏறத்தாழ 1.3 மீட்டர் தண்ணீர் போதும். அங்கே தரை எப்படி எழும்புகிறது என்பதுதான் அலையின் குணத்தைத் தீர்மானிக்கும். திடீரென்று எழும்பும் பாறைத் திட்டு அலையின் காலை வாரிவிடுகிறது. முகடு முன்னால் பாய்ந்து குழாயாகச் சுருண்டு விழுகிறது. படங்களில் பார்த்து மலைக்கிற அலை அதுதான். மெல்லச் சாய்ந்து எழும் மணற்படுகையிலோ முகட்டின் உச்சி மட்டும் நுரையாகி வழிகிறது. சரிவு செங்குத்தாவதில்லை, பலகையின் மூக்கு குத்திக்கொள்வதில்லை. விழுந்தாலும் உடம்பு படுவது மணலில். மெயின் பாயின்ட்டில் கால் ஊன்றியவர்களுக்குக் கடல்முள்ளெலியின் அருமை தெரியும். இங்கே அலையின் உட்பகுதியில், இடுப்பளவுத் தண்ணீரில், காலைத் தைரியமாக ஊன்றி அடுத்த அலைக்குப் பலகையைத் திருப்பிக்கொள்ளலாம்.

எவ்வளவு வேகமாக உடைகிறது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. அலைமுகட்டின் கோட்டுக்கும், நுரை நகர்ந்து செல்லும் பாதைக்கும் இடையிலான கோணம் அது. கோணம் பூச்சியத்தை நெருங்கினால் அலை முழு நீளத்துக்கும் ஒரே கணத்தில் கவிழும். யாருக்கும் அங்கே வேலையில்லை. 30 பாகை என்றால் நுரை அலையின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் ஓடும். அதை முந்துவதற்குத் தேர்ச்சி வேண்டும். 60 பாகைக்குப் போனால் நுரையின் வேகம் அலையின் வேகத்தைவிடப் பதினைந்து சதவீதம் மட்டுமே கூடுதல். ஒன்பதடிப் பலகையில் நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்பவர்கூட அதற்கு ஈடுகொடுத்துவிடலாம். கடற்கரைப் பொறியியலாளர்கள் அலைச்சறுக்கு இடங்களைத் தேர்ச்சிக்கு ஏற்ப வகைப்படுத்தும்போது இந்தக் கோணத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மணல்முனை அலைகள் தாராளமான கோணத்தில் அவிழ்பவை. அந்தத் தாராளம்தான் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நிதானமாகப் படுகிறது.

அலை சரியாக இருந்தும் காற்று கெடுத்துவிடுவதுண்டு. இந்தக் கரையில் காற்றும் சேர்ந்து உதவுகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிலும் மலையகத்திலும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கச்சான் என்று சொல்லப்படுகிற வறண்ட சூட்டுக் காற்று அது. ஊருக்கு அது புழுதியும் வெக்கையும். அலைக்கு அது வரம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, மேற்பரப்பைக் கண்ணாடியாக்கி, உடைவதைச் சற்றே தள்ளிப்போடுகிறது. விடிந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம் கடல் இப்படி இருக்கும். வெயில் ஏறியதும் தரை சூடாகி, கடற்காற்று எதிர்ப்பக்கமிருந்து கிளம்பி, அலையின் முகத்தில் சுருக்கங்களை உண்டாக்கும். ஆகவே அறுகம்பேயில் ஆட்டோக்கள் புறப்படுகிற நேரம் ஐந்தரை மணி.

பலமான கச்சான் வீசும் நாளில் புதியவருக்குச் சங்கடம் ஒன்று உண்டு. எழுந்து நிற்கப் போகிற அந்த விநாடியில் காற்று பலகையின் மூக்கைத் தூக்கி, அலையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிடும். அப்போது இன்னும் நான்கு இழுப்பு அதிகமாகத் துடுப்பிட்டு, நெஞ்சை முன்னே சாய்க்கவேண்டும். கற்பிப்பவர்கள் சத்தம்போட்டுச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தண்ணீர் மட்டத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். இலங்கையைச் சுற்றி ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஐரோப்பியக் கரைகளில் வற்றம் பார்த்துத்தான் நாளைத் திட்டமிடவேண்டும். இங்கே அந்தக் கணக்கு இரண்டாம்பட்சம்.

கற்றுக்கொள்ள வருகிறவரின் நாள் இந்த அலையில் எப்படிப் போகிறது என்பதைக் கவனித்தால் முனை அலையின் பெருமை புரியும். சாதாரண மணற்கரை அலையில் புதியவரின் சக்தியெல்லாம் வெளியே போவதிலேயே கரைந்துவிடும். நுரை முகத்தில் அறைந்து அறைந்து பின்னுக்குத் தள்ளும். மணற்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அடுத்த அலை எங்கே எழும் என்றும் தெரியாது. முனையில் அலை எழுகிற இடம் நிலையானது. கரையோரமாக நடந்து முனைக்குப் போய், நுரையின் வெளியோரம் அமைதியாகக் கிடக்கும் ஆழநீர் வழியே துடுப்பிட்டு உள்ளே போகலாம். அலையில் வந்து இறங்கியதும் மறுபடி மணலில் நடை. உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், முந்தைய அலையில் என்ன நடந்தது என்று யோசிக்கலாம். கற்றலுக்கு இந்த இடைவேளை அவசியம் என்பது எந்த நட்டுவனாருக்கும் தெரியும்.

முதலில் பஞ்சு மேற்பரப்புள்ள எட்டு, ஒன்பதடிப் பலகை. உடைந்து வருகிற வெண்ணுரையில் படுத்தபடி கரைவரை போவது, பிறகு முழங்கால், பிறகு ஒரே வீச்சில் எழுந்து நிற்பது. இதை ஒரு நாளில் செய்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதன்பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. உடையாத அலையை முன்கூட்டியே பார்த்து, அதன் வேகத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து, பச்சைச் சரிவில் எழுந்து, பலகையைக் கரைப்பக்கம் போகவிடாமல் வலப்பக்கம் சாய்க்கவேண்டும். வேகமான அலையில் இவை நான்கும் ஒரு விநாடிக்குள் நடந்தாகவேண்டும். விஸ்கி பாயின்ட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நேரம் இருக்கிறது. முதன்முறை பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே காலையில் அந்தக் கரையில் உட்காரலாம்.

கைதேர்ந்தவர்களின் பக்கம் வருவோம். ஒன்பதடிக்கும் மேல் நீளமான லாங்போர்டில் வருகிறவர்கள் இங்கே செய்வது வேறொரு கலை. அவர்கள் முனைக்கு அருகே, பாறைகளுக்குச் சற்று வெளியே, அலை இன்னும் ஒரு வீக்கமாக மட்டுமே இருக்கும்போதே துடுப்பிட்டுப் பிடித்துவிடுவார்கள். எழுவதில் பரபரப்பு இருக்காது. பலகையின் விளிம்பைச் சரிவில் பதித்து, நுரைக்கு மிக அருகில், அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ட்ரிம் என்று அவர்கள் சொல்கிற இந்தச் சமநிலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். உண்மையில் குதிகாலுக்கும் விரல்களுக்கும் இடையே எடை இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும்.

பிறகு நடை. குறுக்குக்கால் வைத்து, ஒரு காலைத் தாண்டி மறுகால் வைத்து, பலகையின் மூக்குவரை போவது. எடை முன்னே போனால் பலகை கவிழ்ந்துவிடாதா? கவிழாததற்குக் காரணம் பின்புறம்: நுரையின் நீர் பலகையின் வால்மேல் வழிந்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி எப்போது கிடைக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் காலால் உணர்ந்தவர்தான் மூக்கின் விளிம்பில் பத்து விரல்களையும் தொங்கவிட்டு நிற்கமுடியும். பிடி தளர்வதற்கு முன்பே திரும்பி நடக்கவும் தெரிய வேண்டும். நல்ல ரசிகர் பார்க்கவேண்டியது இந்தத் திரும்பு நடையை. மூக்குவரை போகிறவர்கள் பலர். கை வீசாமல், இடுப்பு ஒடியாமல், அடி எண்ணாமல் திரும்பி வந்து அலையோடு தொடர்ந்து போகிறவர்கள் சிலர்தான். குறுகிய, வேகமான அலையில் இதற்கு இடமே கிடையாது. மணல்முனையின் நீளம்தான் இந்தக் கலையை அனுமதிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நூசா முனைகளில் இதே கலை செழித்ததற்கும் காரணம் மணல்தான். அங்கேயும் தேசியப் பூங்காக் காட்டின் விளிம்பைச் சுற்றி அலை வளைந்து வந்து, மணல்மேல் வலப்பக்கமாக நீளமாக அவிழ்கிறது; அங்கேயும் கற்றுக்கொள்பவர்களும் லாங்போர்டு வல்லுநர்களும் ஒரே தண்ணீரில். 2020 இல் நூசா உலகச் சர்ஃபிங் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஓர் அலையைக் கோயில்போலவோ காடுபோலவோ காக்கவேண்டிய சொத்தாக ஓர் ஊர் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்.

காக்கவேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. மணல் நகர்ந்துகொண்டே இருப்பது. சாய்வாக வந்து மோதுகிற அலைகள் அதைக் கரையோரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. முனைகள் அதில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கின்றன. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் களப்புகளின் வாய் உடைத்துக்கொண்டு திறக்கிறது. கொந்தளிப்பான வாடைக்காலக் கடல் படுகையைக் கலைத்துப் போடுகிறது. மறு ஏப்ரலில் தென்கடல் அலை மீண்டும் அடுக்கத் தொடங்குகிறது. ஆகவே ஓராண்டு நீளமாக இருந்த அலை அடுத்த ஆண்டு துண்டுதுண்டாக உடையலாம். அண்மையிலுள்ள பொத்துவில் பாயின்ட்டில் இது இன்னும் வெளிப்படை: படுகை கூடிவந்த பருவத்தில் கால் வலிக்கும்வரை நீளும் அலை, கூடாத பருவத்தில் இடையில் அறுந்துவிடும்.

இயற்கையின் கலைப்பு மீண்டுவிடும். மனிதரின் கட்டுமானம் குறுக்கே வந்தால் கதை வேறு. பொத்துவில் இருக்கிற அதே அம்பாறை மாவட்டத்தில், வடக்கே ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013 இல் திறந்தார்கள். அலைத்தடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்தது. ஒரு பக்கம் துறைமுகத்தின் வாயே மணலால் அடைபட்டது. வடபக்கம் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது, தென்னைகள் சாய்ந்தன. புதுச்சேரியின் மணற்கரை 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்தபிறகு காணாமற்போனதும் இதே கணக்கில்தான். வடஸ்பெயினில் முன்டாக்காவின் புகழ்பெற்ற மணல் அலை, 2003 இல் ஆற்றுமுகத்தைத் தோண்டியதும் குலைந்து, 2005 இல் அங்கே நடக்கவேண்டிய உலகப் போட்டியே கைவிடப்பட்டது. எதிர்மாறான உதாரணமும் உண்டு: ஆஸ்திரேலியாவின் டுவீட் ஆற்று முகத்தில் 2001 இல் மணலைக் குழாய்வழியே மறுகரைக்கு அனுப்பத் தொடங்கியதும் ஸ்னாப்பர் பாறைகளிலிருந்து நெடுந்தூரம் ஓடும் சூப்பர்பேங்க் உருவானது, ஆனால் பக்கத்திலிருந்த கிரா அலையின் பழைய வடிவம் மணலுக்குள் புதைந்தது. மணலில் கைவைத்தால் அதன் விளைவு எந்த முனையில் போய்த் தெரியும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம். பொத்துவில் கரையில் சிறு கட்டுமானத்தைக்கூட இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும்.

இந்தக் கரைக்கு அலைச்சறுக்கு வருவதற்கு வெகுமுன்பே கடலைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். கரைவலை இழுக்கிறவர்களும் வள்ளக்காரர்களும் அலை எத்தனையாக வருகிறது, எந்த அலைக்குப்பின் ஓய்வு விடுகிறது என்பதைப் பார்த்துத்தான் தோணியைத் தள்ளுவார்கள். 1970களில் வெளிநாட்டுப் பயணிகள் பலகையோடு வந்தபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தக் கண்ணோடுதான் கற்றுக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை உல்லையைத் துடைத்தெறிந்தது. கடல்மீது அச்சம் வீடுவீடாகத் தங்கியது. நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்தது 2009 இல். அத்தனையையும் தாண்டி, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கம்பக்கமாக வாழ்கிற இந்தக் கரையில், 2018 இல் அறுகம்பேப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சர்ஃப் கழகம் தொடங்கினார்கள். இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃப் கழகம் அது. ‘பெண்பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை’ என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட, இடுப்பளவு அலையில் நிமிர்ந்து நின்று காட்டுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கவேண்டும். இரக்கமில்லாத அலை மட்டுமே இருந்த கரையில் அப்படி ஒரு கழகம் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இதே பருவத்தில் இதே கரையில் இன்னொரு கூட்டமும் நடக்கிறது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற அடியார்கள் பொத்துவில், பாணமை வழியாக உகந்தை மலை முருகன் கோயிலை அடைந்து, குமணக் காட்டுப் பாதை திறக்கக் காத்திருப்பார்கள். உகந்தையின் கடலிலும் ஒரு முனை அலை இருக்கிறது. காவடியோடு வந்தவர்களும் பலகையோடு வந்தவர்களும் ஒரே கோயில் வாசலைக் கடந்து கடற்கரைக்கு இறங்குகிற காட்சி ஜூலையில் அங்கே இயல்பானது.

கற்றுக்கொள்ள வேறு இடங்களும் உண்டு. உல்லைக் குடாவுக்குள்ளேயே இருக்கும் பேபி பாயின்ட் பெயருக்கேற்பச் சிறியது. ஆனால் நெரிசல் அதிகம், ஆங்காங்கே கல் தட்டுப்படும். தெற்கே பாணமை வழியில் இருக்கும் பீநட் ஃபார்ம் அழகானது. போகிற வழியில் யானை குறுக்கிடலாம் என்பதால் இருட்டோடு கிளம்புவது நல்லதல்ல. இவற்றோடு ஒப்பிட்டாலும் நீளம், மணல், நிலைத்தன்மை மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் விஸ்கி பாயின்ட்தான்.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. மெதுவான, நீளமான, பயமில்லாத அலை என்றால் எல்லோரும் வருவார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரே அலைமேல் ஐந்தாறு பேர் எழுவது சாதாரணம். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே முதல் உரிமை என்பது உலகெங்கும் உள்ள விதி. அவர் பாதையில் குறுக்கே இறங்குவதை எந்தக் கடலிலும் மன்னிக்கமாட்டார்கள். இதில் லாங்போர்டு வல்லுநர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பெரிய பலகையால் எல்லோருக்கும் முன்பே எந்த அலையையும் பிடித்துவிட முடிகிறவர்கள் அவர்கள். மூன்றாவது அலையையும் தானே எடுத்துக்கொள்வது திறமைக்கு அழகல்ல. இரண்டு எடுத்து ஒன்றை விட்டுக்கொடுக்கிற கைதேர்ந்தவரைக் கண்டால் அவர் நடையையும் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவும் நன்றாகவே இருக்கும்.

போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்யத்தக்க காலம் மே மாதத்தின் பிற்பாதி, அல்லது செப்டம்பர். படுகை கூடியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். சிறியது வேண்டாம், ஒன்பதடிப் பலகையையே வாடகைக்கு எடுக்கலாம். பாறைகளுக்கு அருகே உள்ள முதல் இடத்தை அறிந்தவர்களுக்கு விட்டு, மணல் தொடங்குகிற இடத்திலிருந்து கீழே நிற்பது நல்லது. தண்ணீரில் இறங்குமுன் கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து, அலைகள் எத்தனை சேர்ந்து வருகின்றன, அவற்றுக்கிடையே கடல் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பலகையைக் காலில் கட்டுகிற லீஷை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்துக்கும் முதுகுக்கும் வெயில் களிம்பு பூசிக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருந்தால், பத்து மணிக் கடற்காற்று வருவதற்குள் போதும் போதும் என்கிற அளவுக்கு அலை கிடைத்துவிடும்.